அஞ்சு லிட்டருக்கு இருநூறு மில்லி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு. மே மாத வெயில். நம் நிழல் நம் காலடியிலேயே பதுங்கிக் கிடக்கிற நேரம். கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். சூடம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். ஏழு வருஷமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் சாய்பிரசாத். மதுரை சிம்மக்கல்லில் ஸ்டிக்கர் கடை. நம்பர் பிளேட் எழுதுவேன், வண்டி டேங்குக்குப் பெயின்ட் அடிப்பேன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஜவுளி வியாபாரம். நான் ஒருத்தன்தான் பெயின்ட் டப்பாவோடு திரிகிறேன் என்று அம்மா சௌராஷ்டிரா பாஷையில் திட்டாத நாள் கிடையாது.

என் சிநேகிதன் ஜெயபாண்டி. விளாங்குடியில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். மண் டிராக்கில் பைக் ரேஸ் ஓட்டுவான். மேட்டில் ஏறி வண்டியோடு ஆகாயத்தில் பறந்து இறங்குகிற ரேஸ். 2002 ஏப்ரலில் அவன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வண்டி வாங்கி வந்தான். எங்கள் இரண்டு பேர் வாயையும் அடைத்த வண்டி அது.

வெளிநாட்டு டூ ஸ்ட்ரோக். புது வண்டிதான். ஆனால் அந்தக் காலத்து ரேஸ் வண்டி மாதிரியே வேண்டுமென்று செய்திருந்தார்கள். மஞ்சள் டேங்க், அதில் கறுப்புக் கட்டங்கள். முன்னால் முட்டை வடிவத்தில் வெள்ளை நம்பர் பலகை. வயிறு பெருத்த பாம்பு மாதிரி நெளிந்து போகும் சைலன்சர். உலகத்திலேயே ஐம்பது வண்டிதானாம். டேங்கின் மேல் சின்னத் தகட்டில் 31/50 என்று வெட்டியிருந்தது. அப்படிப்பட்ட வண்டி ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. டேங்கின் இடது பக்கம் நசுங்கியிருந்தது. எங்கேயோ விழுந்த வண்டி என்று விட்டுவிட்டோம்.

நசுங்கலை எடுத்துப் பெயின்ட் அடித்தது நான்தான். பழைய பெயின்டைத் தேய்க்கும்போது ஒரு வாடை வந்தது. பெட்ரோல் வாடை இல்லை. கருகின விளக்கெண்ணெய் வாடை. தின்னர் போட்டுத் துடைத்தேன். போகவில்லை. மூன்று நாள் தொடர்ந்து துடைத்தேன். அந்த அவசரத்தில் மேலே அடிக்கும் கிளியர் கோட் ஒரு இடத்தில் வழிந்துவிட்டது. ஜெயபாண்டி கடையில் எல்லோர் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டான்.

"ஒரு வேலையாச்சும் உருப்படியா செய்வியாடா?"

அது எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மே 12, ஞாயிற்றுக்கிழமை ரேஸ். 9ஆம் தேதி வியாழக்கிழமை பழகிப் பார்க்கக் கிளம்பினோம். பரவையைத் தாண்டி ஒரு வற்றின கண்மாய். காலையில் ஆடு மேயும், சாயங்காலம் கிரிக்கெட். உச்சி வெயிலில்தான் ஆள் இருக்காது. அதனால் அந்த நேரம்.

கிளம்பும்போது அவன் மனைவி அஸ்வினி வாசல் வரை வந்தாள். ஏழு மாதம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமையோட இத விட்டுர்றேன்னு சொல்லிருக்காரு. அதுவரைக்கும் பாத்துக்கங்க."

"நான் இருக்கேன்ல தங்கச்சி" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

ஜெயபாண்டி என் பையில் ஒரு பாட்டிலை வைத்தான். ஒரு லிட்டர் ரேஸ் ஆயில். புதுசு, சீல் உடைக்காதது.

"பங்க்ல ஆயில் அடிக்க விடாத மாப்ள. வெறும் பெட்ரோல் வாங்கு. இத அளந்து ஊத்திக் குலுக்கு. அஞ்சு லிட்டருக்கு இருநூறு மில்லி. மறந்துராத."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் பிஸ்டன் காய்ந்துபோய் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் ஜாம். ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த நொடியே கிளட்சைப் பிடித்தால் பிழைக்கலாம். பிடிக்காவிட்டால் ஆள் தனி, வண்டி தனி.

வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். நான் பின்னால் ஸ்கூட்டரில்; வழியில் பங்க்கில் ஒரு கேனில் அஞ்சு லிட்டர் பெட்ரோல் வாங்கிக்கொண்டேன். ஓட்டினவர் நல்லகாமன் அண்ணன். கண்மாயில் மூன்று பேரும் சேர்ந்து இறக்கினோம். தொண்ணூறு கிலோ வண்டி. எனக்கு மூச்சு வாங்கியது.

"என்ன தம்பி, இம்புட்டு கனமா இருக்கு? மேல ஆளு உக்காந்திருக்க மாதிரி!" என்றார் நல்லகாமன் அண்ணன்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சவாரி இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டார்.

மணி 11:55. ஜெயபாண்டி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். பீங்கானில் விரிசல் விட்டிருந்தது. நேற்றுப் போட்ட புது பிளக்.

"பரவையில வேற வாங்கிட்டு வாரேன். நீ பெட்ரோல ஊத்தி வையி."

நான் ஓட்டி வந்திருந்த என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான். நான், வண்டி, ஒரு கருவேல மரம். அவ்வளவுதான். நாலாபக்கமும் வெடித்த தரை. அரை கிலோமீட்டருக்கு ஒரு ஆடு வந்தால்கூடத் தெரியும்.

12:10. கேனைத் திறந்து டேங்கில் ஊற்றினேன். என் ஸ்கூட்டருக்கு பங்க்காரர்தான் ஆயில் அடிப்பார். மூடியைத் திறந்து காட்டுவது மட்டும்தான் என் வேலை. எட்டு வருஷப் பழக்கம். ஊற்றி முடித்து மூடியும் போட்டேன். பையில் இருந்த பாட்டில் என் ஞாபகத்திலேயே இல்லை.

மரத்தடியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம்.

டிக்... டிக்... டிக்...

நன்றாக ஓடி வந்து நின்ற வண்டி, சூடு ஆறும்போது இப்படித்தான் சத்தம் போடும். ஆனால் இந்த வண்டியை இன்று ஸ்டார்ட்டே செய்யவில்லை. பிளக்கே இல்லை அதில்!

வெயிலுக்கு இரும்பு விரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே எழுந்து நின்றேன்.

பிறகு வாடை. கருகின விளக்கெண்ணெய். இந்தத் தடவை பக்கத்தில். யாரோ எண்ணெய் படிந்த சட்டையோடு என்னை உரசிக்கொண்டு நிற்கிற மாதிரி.

கடிகாரத்தைப் பார்த்தேன். 12:20.

கிளட்ச் லீவர் அசைந்தது.

மெதுவாக உள்ளே போனது. மெதுவாக வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே... மறுபடியும் வெளியே... யாரோ பிடித்துப் பிடித்துப் பழகிப் பார்ப்பது போல.

"எண்ணெய் ஊத்துனியா?"

திரும்பினேன்.

வண்டிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். மஞ்சள் முழுக்கைச் சட்டை. வலது கையில் கனமான ரேஸ் உறை. இடது கையில் உறை இல்லை. என்னைப் பார்க்கவில்லை. டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேஸுக்கு வந்த வெளியூர்க்காரர் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க முடிந்தது.

"ஊத்தியாச்சுண்ணே."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கடையில் தினமும் சொல்லும் வாய் அல்லவா? பெயின்ட் காஞ்சாச்சா என்றால் காஞ்சாச்சு. நம்பர் எழுதியாச்சா என்றால் எழுதியாச்சு.

அவர் தலையாட்டினார்.

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

என் கண் தானாகக் கேன் பக்கம் போனது. ஒரே ஒரு நொடி. நிமிர்ந்தேன்.

ஆள் இல்லை.

அரை கிலோமீட்டர் பொட்டல். ஓடினாலும் தெரியும். படுத்தாலும் தெரியும். யாருமே இல்லை.

வண்டிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். மாவு மாதிரிப் புழுதி. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

அப்புறம்தான் பை ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் திறந்தேன்.

பாட்டில் அப்படியே இருந்தது. சீல் உடையவில்லை.

12:31. ஸ்கூட்டர் சத்தம். ஜெயபாண்டி வந்துவிட்டான். வந்த வேகத்தில் பிளக்கை மாட்டினான். முகம் வெயிலில் கறுத்துக் கடுகடு என்று இருந்தது.

"ஊத்திட்டேல்ல?"

இங்கேதான் நான் மனுஷனாக இருந்திருக்க வேண்டும். 'இல்ல மாப்ள' என்று ஒரு வார்த்தை. பத்து நிமிஷ வேலை. டேங்கை வடித்து, கலந்து, மறுபடி ஊற்றியிருக்கலாம். ஆனால் 'ஒரு வேலையாச்சும்' என்று அவன் மறுபடி ஆரம்பிப்பான். அதைக் கேட்க எனக்கு மனசில்லை. மஞ்சள் சட்டைக்காரரைப் பற்றிச் சொன்னால் சிரிப்பான். நம் ஊரில் ஆயில் இல்லாமல் நாலு கிலோமீட்டர் ஸ்கூட்டர் ஓட்டாத ஆள் உண்டா? இரண்டு ரவுண்டுதானே. ஓட்டிவிட்டு வரட்டும், பிளக் பார்க்கலாம் என்று நிறுத்தி, நைசாக ஊற்றிவிடலாம்.

"ஊத்தியாச்சு" என்றேன்.

பாட்டிலைப் பைக்குள் தள்ளினேன்.

ஒரே உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. முதல் ரவுண்டு நன்றாகப் போனது. கரை மேட்டில் ஏறிப் பறந்து, இறங்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். போகும்போது கையைத் தூக்கிக் காட்டினான்.

நான் கையைக் காட்டவில்லை. புழுதிக்குள் வண்டியில் இரண்டு தலை தெரிந்தது.

அது ஒரு ஆள் உட்காரும் சீட்.

இரண்டாவது ரவுண்டு. சத்தம் மாறியது. பம்... பம்... என்று இருந்தது மெலிந்து, கூர்மையாகி, ஙீஈஈஈ என்று இழுத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது.

"நிறுத்துறா! டேய், நிறுத்துறா!"

ஓடினேன். செருப்பு எங்கேயோ போனது. கால் கொப்பளித்தது. அவன் மேட்டில் ஏறிவிட்டான்.

மேலே எழும்பினான்.

சத்தம் நின்றது.

பட்டென்று. கத்தியால் வெட்டின மாதிரி.

12:39.

வண்டி தரையைத் தொட்டதும் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், அவன் தலைகீழாகப் போவான்... அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் சக்கரம் உருண்டது. கொஞ்சம் ஆடி, சாய்ந்து, அவனைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு விழுந்தது. கிளட்ச் பிடித்திருந்தால்தான் அப்படி விழும்.

தோள்பட்டை எலும்பு முறிந்தது. உயிர் இருந்தது. நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவன் அழவில்லை. தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கிளட்ச் புடிக்கல மாப்ள."

"பேசாத. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"நான் புடிக்கவே இல்லடா. என் கை மேல யாரோ கை வச்சு அமுக்குனாங்க."

அவன் உறையைக் கழற்றினேன். நாலு விரல் தடம். கன்றிப்போய், நீலமாக. அவன் கையில் விளக்கெண்ணெய் வாடை.

ஆஸ்பத்திரி வாசலில் அஸ்வினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கூட இருந்ததால தப்பிச்சாருண்ணே" என்றாள். அந்த வார்த்தைக்கு நான் என்ன செய்வேன்? தலையாட்டினேன். அவ்வளவு கேவலமானவன் நான்.

ஜெயபாண்டி ரேஸை விட்டான். மகள் பிறந்தாள். வண்டியை விற்கவில்லை. கடை மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தான். எப்படி ஜாம் ஆனது என்று யாராவது கேட்டால், கார்புரேட்டர் ஜெட் அடைத்துக்கொண்டது என்பான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாட்டிலை எறியவும் முடியவில்லை. கடை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். சீலோடு.

ஏழு வருஷம் ஓடியது. 2009 ஜூன் 18, வியாழக்கிழமை. இது நடந்து இன்றைக்கு ஆறு நாள்தான் ஆகிறது.

பதினொன்றரைக்கு ஒரு பெரியவர் என் கடைக்கு வந்தார். அந்த வண்டியை ஜெயபாண்டிக்கு விற்ற கோயம்புத்தூர்க்காரர். கல்யாணத்துக்கு மதுரை வந்தாராம். டேங்குக்குப் பெயின்ட் அடிக்கப்போவது நான் என்று வண்டி வாங்கின அன்றே ஜெயபாண்டி சொல்லியிருந்தானாம், அதனால் தேடி வந்தாராம். வண்டி இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கோணுங்க. சொன்னா வாங்கமாட்டீங்கன்னு மறச்சுப்போட்டேன்."

அந்த வண்டியில் ஒருத்தர் இறந்திருக்கிறார். 2001இல். ரேஸ் ஓட்டுபவர். பழைய ஸ்டைல் வண்டிக்குப் பழைய எண்ணெய்தான் பொருத்தம் என்று பெட்ரோலில் விளக்கெண்ணெய்தான் கலப்பாராம். எப்போதும் மஞ்சள் சட்டை. கிளட்ச் நன்றாகப் பிடிபட வேண்டுமென்று இடது கையில் மட்டும் உறை போடமாட்டாராம்.

"மத்தியானம் பன்னெண்டு இருவதுங்க. மேட்டுல ஜாம் ஆயிருச்சு. கிளட்ச் புடிக்க நேரமில்லைங்க."

"எண்ணெய்..." என்றேன்.

"கலக்குனது அவரோட கூட்டாளிங்க. ஊத்துனேன், ஊத்துனேன்னு கடைசி வரைக்கும் சாதிச்சான். அஞ்சு மாசம் கழிச்சு அவனும் ஷெட்டுல செத்துக் கெடந்தானுங்க. பக்கத்துல விளக்கெண்ணெய் பாட்டில். சீல் உடைக்கல. ஆனா... வாய் நெறைய எண்ணெய்."

அவர் போய்விட்டார். நான் டிராயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஜெயபாண்டிக்குப் போன் போட்டேன். எடுத்ததும் கொட்டிவிட்டேன்.

"மாப்ள, அன்னைக்கு நான் ஆயில் ஊத்தல. மறந்துட்டேன். தெரிஞ்சும் பொய் சொன்னேன். உன்னைக் கொல்லப் பாத்தேன்டா."



"தெரியும்டா" என்றான்.

"எப்படி?"

"எஞ்சினப் பிரிச்சவன் நான். சிலிண்டர் எலும்பு மாதிரி காஞ்சு கெடந்துச்சு. ஒரு சொட்டு எண்ணெய் இல்ல."

"ஏன்டா என்னைக் கேக்கல?"

"கேட்டா நீ ஒத்துக்குவ. ஒத்துக்கிட்டா நான் எப்படிப் பொய் சொல்றது?"

"யார்கிட்ட?"

அவன் குரல் இறங்கியது.

"ஒருத்தரு வாராருடா. வியாழக்கிழமையானா. மஞ்சச் சட்ட. வண்டி பக்கத்துல நின்னு, உன் சிநேகிதன் எண்ணெய் ஊத்துனானான்னு கேப்பாரு. ஊத்துனான்ணேன்னு சொல்லுவேன். போயிருவாரு. ஏழு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

எனக்கு அழுகை வந்தது. இவனையா நான்...

"மாப்ள" என்றான். "மணி என்ன?"

பார்த்தேன்.

"பன்னெண்டு இருவது."

"என் கையெல்லாம் கிரீஸ்டா... போன் ஸ்பீக்கர்ல இருக்கு. வண்டி பக்கத்துலதான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.



போனில் கேட்டது.

டிக்... டிக்... டிக்...

நின்றது.

"கெளம்பிட்டாருடா" என்றான் ஜெயபாண்டி. "ரோட்டுல ஏறி... டவுன் பக்கமா."

விளாங்குடியிலிருந்து சிம்மக்கல் அரை மணி நேரம் கூட ஆகாது.

ஷட்டரை இழுத்துவிட்டேன். உள்ளே இருட்டு. வெளியே டவுன் பஸ் ஹாரன், ஆட்டோ, ஆள் சத்தம். ஒவ்வொன்றாக அடங்கின மாதிரி இருந்தது.

12:39.

விளக்கெண்ணெய் வாடை.

இருட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஊத்தலண்ணே. நான் ஊத்தல."

வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. மேஜைப் பக்கம் ஒரு சத்தம். களக்... களக்... களக்... பாட்டிலிலிருந்து எதையோ ஊற்றுகிற சத்தம். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஜெயபாண்டி வந்து ஷட்டரைத் தட்டினபோதுதான் கண்ணைத் திறந்தேன். தார்ப்பாய்க்குள் வண்டி அப்படியே நிற்கிறது என்றான். டேங்கின் மூடி மட்டும் திறந்து கிடந்ததாம். ஏழு வருஷமாகக் காய்ந்து கிடந்த டேங்க். அடியில் எண்ணெய் மினுங்கியதாம்.

டிராயரின் பூட்டு போட்டபடியே இருந்தது. சாவி என் அரைஞாணில். நான்தான் திறந்தேன்.

பாட்டிலின் சீல் உடைந்திருந்தது. பக்கவாட்டில் அளவுக் கோடு போட்ட ஒரு லிட்டர் பாட்டில் அது. ஜெயபாண்டி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். கோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

சரியாக இருநூறு மில்லி குறைந்திருந்தது.